நான்காம் வரிசை, ஏழாம் குழி

சேசு மரி சூசை

நீடாமங்கலம்
11.9.2003

அன்பு மகள் ஜூலிக்கு,

காகிதத்தில் கடிதம் வருகிறதே என்று பயந்துவிடாதே. இங்கே எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். மானம் மட்டும்தான் போய்விட்டது.

போன செவ்வாய்க்கிழமை ஆயிஷா சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, நாமே தட்டிப் பார்ப்போமே என்று அவளுடைய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உனக்கு ஓர் ஈமெயில் அடித்தேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தேடித் தேடி ஒற்றை விரலால் அடிக்க ஒன்றரை மணி நேரம். சாப்பிட்டியா தூங்கினியா என்று ஆரம்பித்து, எனக்கு மறுபடியும் மூலம் தொந்தரவு, கல்லாவில் உட்கார முடியவில்லை, கருணைக்கிழங்கு மசித்துச் சாப்பிடுகிறேன், தலையணை போட்டுக்கொண்டு வியாபாரம் செய்கிறேன் என்று விளக்கமாக எழுதினேன். அனுப்பும்போது மேலே ஒரு பெயர் வந்தது, அதைத் தொட்டேன். அது நீ செய்து வைத்திருந்த கஸ்டமர் லிஸ்டாம். முப்பத்தொரு பேருக்கும் போய்விட்டது.

தோஹாவிலிருந்து ஒருவர் துத்திக்கீரை சாப்பிடச் சொல்லியிருக்கிறார். கோலாலம்பூர் அம்மா ஒருவர் எனக்காக ஒன்பது நாள் நவநாள் ஆரம்பித்துவிட்டார். லண்டனில் ஒருவர் மட்டும் 'அன்சப்ஸ்கிரைப்' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார். அது எந்தக் கடையில் கிடைக்கும், ஆயின்மென்டா மாத்திரையா என்று ஆயிஷாவைக் கேட்டேன். அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "அண்ணே, இனிமே சொந்த விஷயத்தைத் தபால்ல எழுதிக்குங்க" என்றாள். அதனால்தான் இந்தக் காகிதம்.

மற்றபடி, கல்லறைத் திருநாளுக்கு ஆர்டர் கேட்டு நீ வெப்சைட்டில் போட்ட அறிவிப்புக்கு ஆள் வருகிறது. வெளிநாட்டில் இருக்கிறவன் பெற்றோர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுத்திரி ஏற்றி, பெயர்ப் பலகை வைத்து, போட்டோ எடுத்து அனுப்புவது. நீ சொன்னபோது இதையெல்லாம் யார் கேட்பார்கள் என்று சிரித்தேன். இப்போது பதினான்கு ஆர்டர். நம் சகாயமாதா ஸ்டோர்ஸில் இத்தனை நாளும் ரயில்வே கேட் போட்டால்தான் வியாபாரம். கேட்டில் நிற்கிறவன் பொழுது போகாமல் உள்ளே வந்து ஒரு நோட்டோ ஒரு திரியோ வாங்குவான். இப்போது மஸ்கட்டிலும் துபாயிலும் கேட் போட்டமாதிரி இருக்கிறது.

ஜனவரியில் உன் ஆஸ்பத்திரி ஒப்பந்தம் முடிகிறது என்றாயே. என்ன நினைத்திருக்கிறாய்? நான் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா கேட்டேன்.

உன் அப்பா,
அருளப்பன்

*

மஸ்கட்
24.9.2003

அன்புள்ள அப்பா,

உங்கள் ஈமெயில் எனக்கும் வந்தது. எங்கள் லேபில் ஒரு மலையாளி சிஸ்டர் கஸ்டமர் லிஸ்டில் இருக்கிறாள். யாரையோ வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு 'ஃபாதர் எப்படி இருக்கிறார்' என்று தினமும் விசாரிக்கிறாள். போதும். இனி அந்த லிஸ்டைத் தொடாதீர்கள்.

கடிதம் எழுதியது ஒரு வகையில் நல்லது. போனில் நான் எதைக் கேட்டாலும் ஒரு ஜோக் சொல்லி நழுவிவிடுகிறீர்கள். கார்டு முடிந்துவிடுகிறது. இனி முக்கியமானதையெல்லாம் எழுதுங்கள்.

கேட்டதற்குப் பதில். டிசம்பர் 31-க்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இன்னும் மூன்று வருஷம். போடாவிட்டால் ஜனவரியில் ஊருக்கு வந்து கடையை உங்களோடு நடத்துவேன். எனக்கு வரத்தான் ஆசை. ஆனால் ரயில்வே கேட்டை நம்பி வர முடியாது அப்பா. இந்த ஆர்டர் வேலை நிற்குமா என்று தெரிய வேண்டும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று தெரிந்துவிடும்.

மொத்தம் இருபத்து மூன்று ஆர்டர். பட்டியல் ஆயிஷா அக்காவுக்குப் போயிருக்கிறது. நம்மூரில் பதினெட்டு, குடவாசல் பக்கம் நான்கு, சீர்காழியில் ஒன்று. ஒருவருக்கும் தப்பு வரக்கூடாது.

ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். ஜேசுராஜ் என்று ஒருவர். நம் ஊர்க்காரர்தான், கீழத்தெரு. இங்கே கிரேன் ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தை அவர்தான் நடத்துகிறார். அறுபது குடும்பம் அவர் பேச்சைக் கேட்கும். அவருடைய அம்மா சவரியம்மாள் இறந்தது 1991 ஜூன். அவர் அப்போதுதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார், பாஸ்போர்ட் கம்பெனியிடம். அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அதன் பிறகு ஊர்ப்பக்கமே போகவில்லை. ஒரே பிள்ளை. சித்தப்பா வகையறா திருப்பூர் போய்விட்டார்கள். ஆர்டர் பாரத்தில் 'கல்லறை இருக்கும் இடம்' என்ற கட்டத்தில் 'தெரியாது. தயவு செய்து கண்டுபிடிக்கவும்' என்று எழுதியிருக்கிறார்.

கண்டுபிடியுங்கள் அப்பா.

ஜூலியட்

*

சேசு மரி சூசை

நீடாமங்கலம்
8.10.2003

அன்பு மகள் ஜூலிக்கு,

ஒரு வாரமாக எனக்குக் கல்லறைத் தோட்டத்தில்தான் வேலை. "என்ன கடைக்காரரே, இடம் பார்க்க வந்தீங்களா?" என்று குழிவெட்டும் தங்கையன் முதல் நாளே கேட்டுவிட்டான். அவனுக்கு இந்த ஒரு ஜோக்தான் தெரியும். வருகிறவர் எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறான்.

இந்த வருஷமும் குறுவை இல்லை. ஆனால் மழை மட்டும் ஒழுங்காக முன்னாலேயே வந்துவிட்டது. வாய்க்கால் வழிந்து தோட்டத்தின் தாழ்ந்த பக்கம் முழங்கால் தண்ணீர். சிமெண்ட் கல்லறைகளுக்கு ஒன்றும் இல்லை. மரச்சிலுவை நட்டவர்கள் பாடுதான் கஷ்டம். ஒவ்வொரு மழைக்கும் சிலுவை சாயும், மிதக்கும், போகிறவன் எடுத்து எங்காவது நட்டுவிட்டுப் போவான். ஒரு மேட்டில் மூன்று சிலுவை நிற்கிறது, பக்கத்து மேட்டில் ஒன்றும் இல்லை.

ஆனாலும் உன் அப்பனைச் சாதாரணமாக நினைக்காதே. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் வரிசைப்படி நோட்டுப் போட்டு, பதினெட்டில் பதினேழு கண்டுபிடித்துவிட்டேன். குடவாசல் நான்கும் நேரில் பார்த்தாகிவிட்டது. சீர்காழிக்கு அக்டோபர் கடைசியில் போகிறேன்.

உன் ஜேசுராஜின் அம்மா மட்டும் கிடைக்கவில்லை. தங்கையன் வேலைக்கு வந்தே நான்கு வருஷம்தான், அவனுக்குத் தெரியவில்லை. "மரச்சிலுவைன்னா அஞ்சு வருஷம் பார்ப்பாங்க கடைக்காரரே. யாரும் வந்து கேக்கலேன்னா அதே குழியைத் திறந்து அடுத்த ஆளை வச்சிருவாங்க. தோட்டம் இவ்ளோதானே" என்றான். இது நமக்குத் தெரிந்த வழக்கம்தான். காசு கட்டி நிரந்தரமாக எழுதி வாங்காவிட்டால் குழி யாருக்கும் சொந்தமில்லை.

அடக்கப் பதிவேடு கோயில் உபதேசியாரிடம் இருக்கிறது. அவர் தன் மகளின் பேறுகாலத்துக்காகத் திருச்சி போயிருக்கிறார். வந்ததும் பார்க்கிறேன். ஜேசுராஜிடம் ஒன்றும் சொல்லிவைக்காதே. உனக்கும் கவலை வேண்டாம். கவலைப்பட நான் ஓர் ஆள் போதும், அனுபவம் இருக்கிறது.

அப்பா

*

மஸ்கட்
18.10.2003

அன்புள்ள அப்பா,

கவலைப்படாதே என்று நீங்கள் எழுதினால்தான் எனக்குக் கவலை வருகிறது.

கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம், பணத்தைத் திருப்பிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். நேற்று வெள்ளிக்கிழமை ஜேசுராஜ் அண்ணனைப் பார்த்தேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, அம்மாவுக்கு மஞ்சள் செவ்வந்தி வேண்டாம், கோழிக்கொண்டை இருந்தா வைக்கச் சொல்லு. அம்மா கோழிக்கொண்டைதான் கொல்லையில வச்சிருக்கும்" என்றார். நாற்பது வயது ஆள், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அவரிடம் சொல்லாமல் எப்படி இருப்பது?

பதிவேட்டைப் பாருங்கள். பார்த்ததும் எழுதுங்கள். நிச்சயம் தெரியாமல் எதையும் போட்டோ எடுக்காதீர்கள். ஏதோ ஒரு மேட்டில் மாலையைப் போட்டு அனுப்புகிற வேலை நமக்கு வேண்டாம்.

ஜூலியட்

*

சேசு மரி சூசை

நீடாமங்கலம்
4.11.2003

அன்பு மகள் ஜூலிக்கு,

உன் கடிதம் 28-ஆம் தேதி வந்தது. பதில் போட்டிருந்தாலும் திருநாளுக்கு முன்னால் உனக்குக் கிடைத்திருக்காது என்று இருந்துவிட்டேன்.

திருநாள் நல்லபடி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். ஆயிஷா தன் டிஜிட்டல் கேமராவைப் பாலிதீன் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். வெளியூர் ஐந்தையும் முன்னாலேயே எடுத்தாகிவிட்டது. நான் குடை பிடிக்க, அவள் எடுக்க, நம்மூர் பதினெட்டும் முடிந்தது. பெயர்ப் பலகை மாற்றி வைக்கிற பொறுப்பு என்னுடையது. ஒரு தாத்தாவுக்குப் பாட்டி பெயரை வைத்துவிட்டேன். ஆயிஷா பார்த்துச் சொன்னாள், "அண்ணே, மீசை வச்ச போட்டோ ஒட்டியிருக்கு, கீழ மரியம்மாள்னு போடுறீங்களே." முஸ்லிம் பெண் கண்டுபிடிக்கிறாள், நான் ஒரு கத்தோலிக்கன். கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வந்த சாமியார் எங்கள் இருவரையும் பார்த்து இரண்டு தடவை தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

மழையில் திரி அணைந்து அணைந்து ஏற்றி என் தீப்பெட்டி நான்கு காலி. மந்திரிக்கும் நேரத்தில் மட்டும் தூறல் நின்றது. அவ்வளவு திரியும் ஒன்றாக எரிந்தபோது நீ பார்த்திருக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீரில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது.

ஜேசுராஜின் அம்மாவுக்குக் கோழிக்கொண்டை மாலை வைத்தேன். கும்பகோணம் மார்க்கெட்டில் சொல்லி வரவழைத்தது. கிடைத்துவிட்டதா என்று கேட்பாய். கிடைத்துவிட்டது.

சளி பிடித்திருக்கிறது. மற்றபடி நலம்.

அப்பா

*

மஸ்கட்
14.11.2003

அப்பா,

ஜேசுராஜ் அண்ணன் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, பிரேம் போட்டு, இன்று ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். கூட்டம் முடிவதற்குள் பதினெட்டுப் பேர் கிறிஸ்துமஸுக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பாவைப் பார்த்துக் கும்பிடணும்" என்றார். டிசம்பர் 13-ஆம் தேதி ஊருக்கு வருகிறார். இரண்டு வாரம் லீவு.

அந்த பிரேமைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

சிலுவையில் இருக்கும் பெயர் தெரியாதபடி மாலை போட்டிருக்கிறீர்கள். கீழே 'சவரியம்மாள்' என்று பலகை. எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கல்லறையின் வலது பக்க மூலை உடைந்திருந்ததை நம் அடுப்படித் தரையில் மிச்சமான பச்சை சிமெண்ட்டைக் குழைத்துப் பூசியது நான். என் விரல் தடம்கூடத் தெரிகிறது.

அது அம்மா.

நான் அத்தனை பேர் நடுவில் என் அம்மாவின் கல்லறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் அதை இன்னொரு பெயர் சொல்லிக் கும்பிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

எப்படி அப்பா மனசு வந்தது? ஒரு மேடுமா கிடைக்கவில்லை? கிடைத்துவிட்டது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். நான் வர வேண்டும் என்பதற்காகச் செய்தீர்களா? இப்படி நடத்துகிற கடைக்கு நான் எதற்கு வர வேண்டும்?

போன் செய்யாதீர்கள். எடுக்க மாட்டேன்.

ஜூலியட்

*

சேசு மரி சூசை

நீடாமங்கலம்
25.11.2003

அம்மா ஜூலி,

ஐந்து தடவை போன் செய்தேன். ஐந்து தடவையும் நீ கட் பண்ணினாய். சரி. எழுதித்தான் ஆக வேண்டும். இதில் ஜோக் வராது. வந்தால் பழக்கதோஷம் என்று விட்டுவிடு.

நான் பொய் சொல்லவில்லை. பாதி சொன்னேன். அது இன்னும் மோசம் என்று எனக்கும் தெரியும்.

உபதேசியார் அக்டோபர் 25-ஆம் தேதி திருச்சியிலிருந்து வந்தார். அன்றைக்கே பதிவேட்டைப் பிரித்தோம். 1991 ஜூன் பக்கத்தில் சவரியம்மாள் இருந்தார்கள். நான்காம் வரிசை, சுவரிலிருந்து ஏழாம் குழி. பென்சிலில் குறித்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனேன். தண்ணீரில் நின்றுகொண்டு சுவரிலிருந்து எண்ணினேன். ஏழாவது வந்ததும், தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி சுவருக்குப் போய் ஆரம்பித்தேன். மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் உங்கம்மா முன்னால்தான் வந்து நின்றேன்.

திரும்பப் போய் 1996 ஆகஸ்ட் பக்கத்தைப் பார்த்தேன். குழந்தைதெரேஸ், அருளப்பன் மனைவி. நான்காம் வரிசை, ஏழாம் குழி. பக்கத்தில் சிறிய எழுத்தில் 'திறந்தது' என்று எழுதியிருக்கிறது.

இத்தனை வருஷம் நான் ஏன் அதைப் படிக்கவில்லை என்று கேள். கேட்க மாட்டாயா? நானே சொல்கிறேன். உங்கம்மாவை அடக்கம் செய்த அன்று காலையில் குழியைப் பார்க்கப் போனேன். நீ அழுது சோர்ந்து சித்தி மடியில் கிடந்தாய், உனக்குத் தெரியாது. அப்போது இருந்த ஆள் வெட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணியில் ஏதோ மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். அதன் மேலே ஒரு பித்தளை ஜெபமாலை கிடந்தது. "பழைய ஆளு. தலைமாட்டுலயே திரும்ப வச்சிடுறேன், ஒண்ணும் தப்பில்ல" என்றார். நான் தலையை ஆட்டினேன். யாருடையது என்று கேட்கவில்லை. கேட்டால் ஒரு பெயர் சொல்லிவிடுவாரே என்று பயந்தேன். பெயர் தெரியாவிட்டால் அது வெறும் மூட்டை. அப்படியே நினைத்துக்கொண்டு ஏழு வருஷம் ஓட்டிவிட்டேன்.

இப்போது அந்தப் பெயர் இன்டர்நெட் வழியாக வந்து கடையில் ஆர்டர் கொடுக்கிறது.

ஆகவே போட்டோவில் இருப்பது உங்கம்மாதான். சவரியம்மாளும்தான். அவர் மாலையை அவர் இருக்கிற இடத்தில்தான் போட்டேன். ஆனால் உங்கம்மா பெயரை மறைத்தேன், அது என் கை செய்த வேலை. போட்டோ எடுத்ததும் பலகையை உடனே எடுத்துவிட்டேன், என்னவோ அதனால் சரியாகிவிடும் மாதிரி.

'அம்மாவின் குழியைத் திறந்து வேறு ஆளை வைத்துவிட்டார்கள், அந்த வேறு ஆள் என் வீட்டுக்காரி' என்று பன்னிரண்டு வருஷமாக வராத பிள்ளைக்கு எந்த ஈமெயிலில் எழுதுவது? நீ வர வேண்டும் என்பதற்காகச் செய்தேனா என்று கேட்டாய். ஆமாம். அதுவும் உண்டு.

13-ஆம் தேதி அவர் வருகிறார் என்றதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. வந்து பார்த்தால் சிலுவையில் வேறு பெயர் இருக்கும். அன்றைக்குப் பார்த்து சிலுவையில் இன்னொரு மாலையைப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். யோசித்ததையும் எழுதிவிட்டேன், திட்டிக்கொள்.

அப்பா

*

மஸ்கட்
11.12.2003

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் 5-ஆம் தேதி வந்தது. பதில் எழுத ஆறு நாளாகிவிட்டது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

இதை ஜேசுராஜ் அண்ணனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். கவரை நன்றாக ஒட்டியிருக்கிறேன். இதற்குள் தன்னைப் பற்றித்தான் இருக்கிறது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறார். நானும் உங்கள் மகள்தான் என்று அதைக் கொடுக்கும்போது தோன்றியது.

அம்மாவோடு இன்னொருவர் இருப்பதில் எனக்குக் கோபம் இல்லை. முதல் நாள் இருந்தது. பிறகு இல்லை. அந்த ஜெபமாலையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அவரிடம் சொல்லுங்கள். நான் சொல்ல முடியாது என்பதில்லை, நான் சொன்னால் அது உங்களைக் காட்டிக்கொடுத்தது மாதிரி ஆகிவிடும். உங்கள் வாயால் சொல்லுங்கள். முழுதாக. சிரிக்க வைக்காமல். பதினெட்டு ஆர்டரும் போனாலும் போகட்டும். நீங்கள் சொன்னால் நான் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுகிறேன், ரயில்வே கேட்டை நம்பியே வருகிறேன். சொல்லவில்லை என்றால் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். மிரட்டுவதாக நினைக்க வேண்டாம். பாதி சொல்லுகிற கடையில் என்னால் உட்கார முடியாது, அவ்வளவுதான்.

அவர் 28-ஆம் தேதி திரும்புகிறார். என்ன பேசினீர்கள் என்பதை எழுதி அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.

ஜூலியட்

*

சேசு மரி சூசை

நீடாமங்கலம்
26.12.2003

அன்பு மகள் ஜூலிக்கு,

சொல்லிவிட்டேன்.

முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், நீ பக்கம் பக்கமாகத் தேடக்கூடாது. எப்படிச் சொன்னேன் என்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

13-ஆம் தேதி சாயங்காலமே பேரீச்சம்பழமும் உன் கடிதமுமாகக் கடைக்கு வந்துவிட்டார். "ஐயா" என்று காலைத் தொட வந்தார். நான் பின்னால் நகர்ந்ததில் மெழுகுத்திரி அட்டை சரிந்து நூறு திரி தரையில் உருண்டது. இருவரும் குனிந்து பொறுக்கினோம். உடனே தோட்டத்துக்குப் போகலாம் என்றார். இருட்டிவிட்டது, பாம்பு என்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளம்பினோம். கையில் கோழிக்கொண்டை, வாயில் ஒரு வார்த்தை இல்லை. என் வாயைத்தான் சொல்கிறேன். அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். அம்மா வறுத்த அரிசிமாவு, அம்மா அடித்த அடி.

கேட் போட்டுவிட்டான். நம் கேட்டைப் பற்றி உனக்குத் தெரியும், போட்டால் ஒரு பூசை முடிந்துவிடும். முன்னால் கேட், பின்னால் மன்னார்குடி பஸ், பக்கத்தில் வைக்கோல் டிராக்டர். எனக்கு ஓட இடமில்லை. இங்கேயே சொல்லிவிடு அருளப்பா என்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். பதிவேடு, நான்காம் வரிசை, திறந்தது, மூட்டை, மாலையைப் போட்டு மறைத்தது, எல்லாம் ஒரே மூச்சில். பாதியில் நெல் ஏற்றின கூட்ஸ் வந்தது. நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரியும். ஐம்பது பெட்டியும் போய் முடிந்ததும் அவர் திரும்பி, "என்ன சொன்னீங்க ஐயா, ஒண்ணும் கேக்கல" என்றார்.

இரண்டாம் தடவை சொன்னேன், ஜூலி. முதல் தடவையைவிட அது கஷ்டம்.

கேட் திறந்தது. பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். அவர் நகரவில்லை. "பெரியவரே, ஓரமா நின்னு குடும்ப விஷயம் பேசுங்க" என்று டிராக்டர்க்காரன் கத்தினான். கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். கையை உதறிவிட்டார்.

தோட்டம் வரை எனக்கு இருபதடி முன்னால் நடந்தார். தங்கையன் புல் அறுத்துக்கொண்டிருந்தான். அவனிடம், "இப்படித்தான் எடுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டார்.

"எடுத்துப் போடுறதில்ல தம்பி. ஒதுக்கி வைக்கிறது. துணியில கட்டித் தலைமாட்டுல. ஊர்ல இருக்கிறது ஒரு தோட்டம், செத்துக்கிட்டே இருக்காங்க, நான் எங்க போவேன்?" என்றான் தங்கையன்.

"நான் அந்த போட்டோவைச் சுவத்துல மாட்டி தினமும் ஜெபம் பண்றேன்" என்றார் என்னைப் பார்த்து. "யாருக்கு ஐயா பண்றேன் நான்?"

"ரெண்டு பேருக்கும்தான் தம்பி" என்றேன்.

சிலுவையில் உங்கம்மா பெயரை எழுத்துக்கூட்டுகிற மாதிரி படித்தார். பச்சை சிமெண்ட் மூலைக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கையன்கூடப் புல் அறுப்பதை நிறுத்திவிட்டான். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார், "உங்க வீட்டம்மா எப்படி? கூட இருக்கிறவங்களை அனுசரிச்சுப் போவாங்களா? எங்கம்மாவுக்குப் பேச்சுத்துணை வேணும். தனியா இருந்து பழக்கம் இல்ல."

நீ சிரிக்க வைக்காதே என்று எழுதியிருந்தாய். நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னேன். "அவ பேச ஆரம்பிச்சா உங்கம்மா கொட்டாவி விட்டாக்கூட விடமாட்டா தம்பி" என்றேன். அவர் சிரித்தார். அப்புறம்தான் அழுதார். நான் அழவில்லை, சளி.

இரண்டு நாள் கடைப்பக்கம் வரவில்லை. ஆர்டர் எல்லாம் போய்விட்டது, பெண்ணாவது வருகிறாளே என்று உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் வந்தார். ஜெபக்கூட்டத்தில் தானே எல்லாவற்றையும் சொல்லப்போவதாகவும், பிறகு ஆர்டர் கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் இஷ்டம் என்றும் சொன்னார். கிறிஸ்துமஸ் ஆர்டர் பதினெட்டையும் செய்து முடித்துவிட்டோம். அடுத்தது வருமா தெரியாது. வராவிட்டால் நீயும் நானும் கேட் போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். நீ அவரை நேராகப் பார்க்கலாம், தலையைக் குனிய வேண்டாம்.

அவர் இன்னொரு விஷயமும் கொண்டுவந்தார். கும்பகோணத்தில் கறுப்புக் கல் பார்த்துவிட்டாராம். முழுக் கல்லறைக்கும் மேலே ஒரே பலகையாக, இரண்டு பேர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். செலவு முழுக்க அவருடையது. உபதேசியாரிடம் கேட்டு எழுதியும் வாங்கிவிட்டார். "கல்லு போட்டுட்டா அது நிரந்தரம், இனிமே அந்தக் குழியை யாருக்காகவும் திறக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க ஐயா. எங்கம்மாவையும் உங்க வீட்டம்மாவையும் இனிமே யாரும் அசைக்க முடியாது" என்றார். முகமெல்லாம் வெளிச்சம். "நீங்க சம்மதிச்சாத்தான். உங்களுக்கு இதுல ஏதாவது இருக்கா?"

"எனக்கு என்ன தம்பி இருக்கு? நல்லா அகலமான கல்லாப் போடுங்க" என்றேன். நேற்று முன்தினம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், வண்டியில் கொண்டுவந்து ஆறு பேர் சேர்ந்து இறக்கினார்கள். பச்சை மூலை உள்ளே போய்விட்டது. உன் அம்மா பெயர் தங்க எழுத்தில் நன்றாக இருக்கிறது. போட்டோ ஆயிஷா அனுப்புவாள்.

எல்லாம் சொல்லிவிட்டேன் என்று மேலே எழுதினேன். அவரிடம் ஒன்றே ஒன்று சொல்லவில்லை. அவர் கேட்டபோது நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். உன்னிடமும் வாயால் சொல்ல மாட்டேன், எழுதித்தான் விடுகிறேன். நீ வந்த பிறகு இதைப் பற்றிக் கேட்கக்கூடாது.

அந்தக் குழியை இன்னும் ஒரே ஒரு தடவை திறப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா